கூரைக்காரன் காதில் பஞ்சு

பல் செட் செய்கிறவரை யாராவது டாக்டர் என்று கூப்பிடுவார்களா? அவர் வேலை பார்த்த பல் ஆஸ்பத்திரியில் நிச்சயமாகக் கூப்பிட மாட்டார்கள். அங்கே முன்னறையில் பெரிய டாக்டர் வருகிறவர்களை வாயைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். இவர் பின்னறையில், ஜன்னலோர மேஜையில், மெழுகும் பிளாஸ்டருமாக உட்கார்ந்து யார் வாய்க்கோ பல் செதுக்கிக்கொண்டிருப்பார். ஆனால் பழைய காமிக்ஸ் சேர்க்கிற கூட்டம் ஒன்று இருக்கிறதே, அந்தக் கூட்டத்தில் இவர்தான் டாக்டர். கிழிந்த அட்டை, துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின், ஈரம் குடித்துச் சுருண்ட தாள், எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் பிழைக்கவைத்துத் தருவார். கிண்டலுக்கு வைத்த பெயர் நாளடைவில் ஒட்டிக்கொண்டது. அவருக்கும் உள்ளூர அதில் ஒரு குளிர்ச்சிதான்.

அவர் சேர்த்தது எல்லாம் ஒரே ரகம். பேய் வாடை அடிக்கிற சூப்பர் ஹீரோக் கதைகள். ஆகாயத்தில் பறந்து, ஓடுகிற ரயிலைத் தாங்கிப் பிடித்து, பளபளவென்று பல்லைக் காட்டுகிற நல்லவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. "பல்லைக் காட்டுறவங்களைத்தான் நாள் பூரா பார்க்கிறேனே, வீட்லயுமா?" என்பார். அவருடைய ஆட்கள் வேறு மாதிரி. கல்லறையிலிருந்து எழுந்து வந்து நீதி கேட்கிறவன், தன் நிழலைப் பிறருக்கு வாடகைக்கு விடுகிறவன், இப்படி. அந்தக் கூட்டத்துக்கெல்லாம் தலைவன் என்று அவர் மனதில் வைத்திருந்தது கூரைக்காரனை.

கூரைக்காரன் தரையில் கால் வைக்க மாட்டான். வீட்டுக் கூரையின் உள்பக்கத்தில் தலைகீழாக நடப்பான். நனைந்த குடை மாதிரி ஒரு கறுப்புப் போர்வை அவனைச் சுற்றித் தொங்கும். முகத்தில் கண் கிடையாது, மூக்கு கிடையாது, வாய் கிடையாது. இரண்டு காது மட்டும், பெரிசு பெரிசாக. அந்தக் காதுதான் அவன் சக்தி. சத்தம் போடாமல், உள்ளுக்குள்ளேயே அழுகிற குழந்தையின் அழுகை அவனுக்குக் கேட்கும். கேட்டதும் வந்துவிடுவான். குழந்தையை அழவைத்தவரை அடிக்க மாட்டான், மிரட்டக்கூட மாட்டான். குழந்தையைத் தூக்கிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவான், அவ்வளவுதான். 'இனி உனக்கு ஒரு குறையும் இல்லை' என்று கடைசிக் கட்டத்தின் அடியில் எழுதியிருக்கும். அப்படிக் காப்பாற்றப்பட்ட குழந்தை எதுவும் வீடு திரும்பியதாக எந்த இதழிலும் இல்லை. அடுத்தடுத்த இதழ்களில் போர்வை மடிப்புக்குள்ளிருந்து சின்னச் சின்ன முகங்கள் எட்டிப் பார்க்கும். அழாது, சிரிக்கவும் செய்யாது. பெற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளாளுக்குப் புகார் எழுத, பதிப்பகத்தார் நமக்கேன் வம்பு என்று புத்தகத்தையே நிறுத்திவிட்டார்கள். கடைசி இதழ் கடைக்குப் போனதா இல்லையா என்பதே சேர்க்கிறவர்கள் மத்தியில் ஒரு பெரிய வாக்குவாதம்.

அந்தக் கடைசி இதழ் ஒரு தையல்காரம்மாவின் கடையில் கிடைத்தது. அந்த அம்மாவின் தம்பி நோயில் விழுந்து காலமாகிவிட்டிருந்தார். நடுவயசு, கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. அவருடைய பெட்டியை ஒதுக்கும்போது அகப்பட்டது என்று காதோடு காதாக யாரோ சொல்ல, நம்ம டாக்டர் மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்து ஓடினார். தையல் மெஷின் மேல் புத்தகத்தை வைத்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அட்டை கெட்டியாக இருந்தது, பின் துருப்பிடிக்கவில்லை, ஒரு மூலைகூட மடியவில்லை. ஒரே ஒரு குறை. பக்கத்துக்குப் பக்கம், கட்டத்துக்குக் கட்டம், கூரைக்காரனின் இரண்டு காதிலும் யாரோ பென்சிலால் உருட்டி உருட்டி அடைத்துவைத்திருந்தார்கள்.

தம்பி சின்ன வயசில் போட்டது என்றார் அந்த அம்மா. காதில் பஞ்சு வைத்திருக்கிறானாம். சொல்லிச் சிரித்தார், ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"எடுத்துக்கிட்டுப் போங்க சார், உங்ககிட்டன்னா பத்திரமா இருக்கும். ஒண்ணே ஒண்ணு, அந்தப் பென்சிலை மட்டும் அழிச்சிராதீங்க."

டாக்டர் தலையாட்டினார். வலிக்கவே வலிக்காது என்று பெரிய டாக்டர் நோயாளிகளிடம் தலையாட்டுவாரே, அதே ஆட்டம். பாவம், தம்பி கைபட்டதை அழிக்க மனசு வரவில்லை என்று நினைத்துக்கொண்டார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, அந்த அம்மாவும் சொல்லவில்லை.

வீட்டில் காமிக்ஸுக்கென்று ஒரு அறை. இருந்த ஒரே ஏசி அந்த அறையில்தான். அவர் மனைவி பஸ் நிலையத்தில் விசாரணை ஜன்னலில் வேலை பார்த்தாள். எந்த பஸ் எப்போது கிளம்பும் என்று ஊருக்கே சொல்கிறவளுக்குத் தன் புருஷன் அந்த அறையிலிருந்து எப்போது வெளியே வருவான் என்று மட்டும் சொல்லத் தெரியாது. பேப்பருக்கு ஏசி, பெத்த பிள்ளைக்கு விசிறி என்று அவ்வப்போது முனகுவாள். அந்தப் பெத்த பிள்ளைக்கு வீட்டில் பெயர் வாலு. இரண்டாம் வகுப்பு. வாய் மூடாது, கால் ஓரிடத்தில் நிற்காது. காமிக்ஸ் அறைக்குள் அவள் வருவதென்றால் சோப்புப் போட்டுக் கை கழுவி, துடைத்து, வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டினாலும் பாதி நாள் அனுமதி கிடைக்காது.

பழசு சேர்க்கிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. அச்சு மெஷின் போடாத எதுவும் அழுக்கு. அது கிறுக்கலோ, கையெழுத்தோ, காபிக் கறையோ, எல்லாம் ஒன்றுதான். எடுக்க முடிந்தால் எடுத்துவிட வேண்டும். டாக்டர் சில நாள் பொறுத்துப் பார்த்தார். ஆனால் ஒவ்வொரு தடவை புத்தகத்தைத் திறக்கும்போதும் அந்தப் பென்சில் உருண்டைகள் கண்ணில் முள்ளாகக் குத்தின. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாவு மாதிரி பிசைகிற ரப்பரை விரலில் உருட்டிக் கூராக்கி, ஒற்றி ஒற்றி எடுத்தார். தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தள்ளினார். மெழுகில் பல்லிடுக்கு செதுக்குகிற கை, தாளில் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லாக் காதும் திறந்துகொண்டன. உள்ளே இருந்த கறுப்பு புத்தகத்தில் வேறு எங்கும் இல்லாத கறுப்பாக இருந்தது. அந்தக் காலத்து மையே தனி என்று சொல்லிக்கொண்டார்.

கடைசிப் பக்கத்தில் இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. போர்வை மடிப்பில் எட்டிப் பார்க்கிற முகங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் வெறுமையாக இருந்தது. வட்டம் இருந்தது, உள்ளே கண் மூக்கு ஒன்றும் இல்லை. அச்சுப் பிழை! பிழையோடு அச்சான பிரதி என்றால் இந்தக் கூட்டத்தில் அதற்கு மவுசே வேறு. டாக்டருக்கு மூச்சே நின்றுவிடும் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் வாலு உள்ளே ஓடிவந்தாள். முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது அவளுக்கு. அப்பாதான் பிடுங்கிவிட வேண்டும் என்று பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், அவரும் அப்புறம் அப்புறம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். நாக்கால் பல்லை ஆட்டிக் காட்டியபடியே வந்தவள், ரொட்டியும் ஜாமும் தின்ற கையை மேஜையில் ஊன்றினாள். கை பட்டது கடைசிப் பக்கத்தின் ஓரத்தில்.

டாக்டர் அடித்துவிட்டார். அதுவரை பிள்ளை மேல் கை வைத்ததே இல்லை அந்த மனுஷன். கன்னத்தில் பளாரென்று ஒன்று. வாலு அழவில்லை. வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள், கண் மட்டும் நிறைந்தது. பிறகு திரும்பி நடந்து போய், வெளியே நின்று கதவை மெதுவாகச் சாத்தினாள். எதையும் மெதுவாகச் செய்து பழக்கமில்லாத பிள்ளை அது. இதைச் சொல்லவே நாக்கூசுகிறது, டாக்டர் உடனே குனிந்து பார்த்தது பக்கத்தில் ஜாம் ஒட்டியிருக்கிறதா என்றுதான். ஒட்டியிருக்கவில்லை.

மறுநாளிலிருந்து வீட்டில் சத்தம் குறைந்தது. வாலு கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கட்டிலில் மல்லாந்து படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு ஒரு வழியாகப் புத்தி வந்துவிட்டது என்று அம்மாக்காரி முதலில் சந்தோஷப்பட்டாள். பிறகு அவளுக்கே என்னவோ போல இருந்தது. கட்டிலுக்கு நேர் மேலே கூரையில் ஈரம் கசிகிறது, ஆளைக் கூப்பிட்டுப் பாருங்கள் என்றாள். டாக்டர் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தார். கசிவு மாதிரி இல்லை. வாசல் பக்கத்திலிருந்து கட்டில் வரைக்கும் திட்டுத் திட்டாக, ஒன்றுக்கு முன்னால் ஒன்று, இடதும் வலதுமாக வந்திருந்தது. கட்டிலுக்கு மேலே வந்ததும் நின்றுவிட்டது. திரும்பிப் போன தடம் இல்லை.

 ஆனாலும் படித்த மனுஷன் இல்லையா, குழாய் உடைந்திருக்கும் என்று மனைவியிடம் சொல்லி வைத்தார். கீழே இறங்கியபோது வாலு அவரைப் பார்த்து வாயைத் திறந்தாள். முன்பல் இருந்த இடத்தில் ஓட்டை.

பல் எப்போது விழுந்தது என்று கேட்டார். நேற்று என்றாள். எங்கே அது என்று கேட்டார்.

"கேட்டார், கொடுத்துட்டேன்."

"யாரு கேட்டாங்க?"

 வாலு மேலே ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

டாக்டர் காமிக்ஸ் அறைக்கு ஓடினார். கடைசிப் பக்கத்தைத் திறந்தார். அந்த வெறும் முகத்தில் இப்போது வாய் வந்திருந்தது. கண் இல்லை, மூக்கு இல்லை, லேசாகத் திறந்த ஒரு சின்ன வாய் மட்டும். மற்றவர்கள் முகத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பார்கள், இவருக்குப் பல்லைப் பார்த்தால் போதும். முன்னால் ஒரு ஓட்டை. அதற்குப் பக்கத்துப் பல் கொஞ்சம் உள்பக்கமாகத் திரும்பி நின்றது. பெரியவளானதும் கம்பி போட்டுச் சரிசெய்ய வேண்டும் என்று அவரே எத்தனையோ தடவை விரலால் தொட்டுப் பார்த்த பல். 

கையில் கிடைத்த பென்சிலை எடுத்துக் காதுகளை அடைக்கப் பார்த்தார். பிடிக்கவில்லை. ஈரக் கண்ணாடியில் எழுதுகிற மாதிரி பென்சில் வழுக்கிக்கொண்டே போனது. அழுத்தினால் முனை ஒடிந்தது, தாளில் ஒரு கோடுகூட விழவில்லை. மறுநாள் பாதி வேலையில் மெழுகை அப்படியே போட்டுவிட்டு, பெரிய டாக்டரிடம்கூடச் சொல்லாமல், தையல்காரம்மாவின் கடைக்குப் போனார்.

அவர் முகத்தைப் பார்த்ததுமே அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மெஷினை நிறுத்தினார். அழிச்சிட்டீங்களா என்று மட்டும் கேட்டார். டாக்டர் எல்லாவற்றையும் கொட்டினார், அறைந்தது உட்பட. 

அந்த அம்மா திட்டவில்லை. முதலிலேயே விவரமாகச் சொல்லியிருக்க வேண்டும், பைத்தியம் என்று நினைப்பீர்களோ என்று விட்டுவிட்டேன் என்று தன்னைத்தான் நொந்துகொண்டார். பிறகு சொன்னார். அவர்களுடைய அப்பா எதற்கெடுத்தாலும் கை நீட்டுகிற ஆள். தம்பி அடி வாங்கிக்கொண்டு சத்தமே போட மாட்டான். கூரையில் ஈரத்தடம் வந்தபோது வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள். அவர்களைப் பெற்ற அம்மா பயந்துபோய்ப் புத்தகத்தை அடுப்பில் போட்டாள். புத்தகம் எரியவில்லை, தம்பிக்கு உடம்பெல்லாம் கொப்புளம் வந்ததுதான் மிச்சம். அதற்கப்புறம் ஒருநாள் அவனே பென்சிலை எடுத்து உட்கார்ந்துவிட்டான். ஒவ்வொரு தடவை அடி வாங்கினபோதும் எடுத்து, மேலும் மேலும் அழுத்தி அடைத்தான்.

"நானும் போட்டுப் பார்த்தேன் சார், என் பென்சில் பிடிக்கலை. அழுதவங்க கையாலதான் வைக்கணும் போலிருக்கு. அவன் போகணும்னு நினைச்சிருந்தா ஒரு நிமிஷத்துல போயிருப்பான். அப்பாவை விட்டுட்டுப் போக மனசு வரலை அவனுக்கு. அவ்வளவு அடிச்ச அப்பா."

 அப்படியென்றால் இனி எதுவும் தன் கையில் இல்லை, பிள்ளை மனசு வைத்தால்தான் உண்டு என்பது டாக்டருக்குப் புரிந்தது. அந்த மனசில் தனக்கு இடம் இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பள்ளிக்கூடம் விட்டிருந்தது. வாலுவைக் கூட்டி வந்த பக்கத்து வீட்டம்மா, பிள்ளை சமர்த்தாக உள்ளே இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். வெயில் ஜன்னல் வழியாக நன்றாக விழுந்துகொண்டிருந்தது. வாலு கட்டிலின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். விசிறி ஓடவில்லை, காற்று இல்லை. ஆனால் அவளுடைய இரட்டைப் பின்னலில் ஒன்று தோளை விட்டு எழும்பி, நுனி மேலே பார்த்து, நேராக நின்றுகொண்டிருந்தது. யாரோ மேலேயிருந்து இரண்டு விரலால் பிடித்துப் பார்க்கிற மாதிரி.

டாக்டர் மேலே பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. புத்தகத்தை எடுத்துவந்து, கையுறை போடாமல், பிளாஸ்டிக் உறையைக் கழற்றிக் கடாசிவிட்டு, அவள் மடியில் வைத்தார். பக்கத்தில் பென்சிலை வைத்தார். கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். கடைசிப் பக்கத்து முகத்தில் மூக்கும் வந்துவிட்டிருந்தது, கண் மட்டும் பாக்கி.

தப்பு பண்ணிட்டேன் என்றார். அடித்திருக்கக் கூடாது என்றார். பேப்பரைப் பெரிசாக நினைத்துவிட்டேன் என்றார். எல்லாம் சரியாகத்தான் சொன்னார், ஆனால் வாலு புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சத்தமே போடலைப்பா" என்றாள். "அவருக்குக் கேட்டுச்சு. எங்கேயோ இருந்தவருக்குக் கேட்டுச்சு. நீ கதவுக்கு அந்தப் பக்கம்தானே இருந்தே?"

 பெரியவர்கள் சொல்கிற சமாதானம் ஒன்றுகூட டாக்டருக்கு வரவில்லை. வந்தது அழுகைதான். அந்த மனுஷன், தன் அப்பா செத்தபோதுகூட அழாதவர், கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்குக் கேட்கவில்லை கண்ணு, எனக்குக் கேட்கவில்லை என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். போகாதே என்று சொல்லத் தனக்கு என்ன உரிமை என்று தோன்றியதால் அதை மட்டும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தாளில் பென்சில் உரசுகிற சத்தம் கேட்டது.

தலையைத் தூக்கிப் பார்த்தார். வாலு குப்புறப் படுத்து, நாக்கைப் பல் விழுந்த ஓட்டை வழியாக வெளியே நீட்டிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருந்தாள். பென்சில் நன்றாகப் பிடித்தது. உருட்டி உருட்டி, கோட்டுக்கு வெளியேயும் கொஞ்சம் வழிந்து, ஒரு காது அடைபட்டது. அடுத்த கட்டம். அடுத்த பக்கம். இடையில் பசிக்கிறது என்றாள், அவர் போய் ரொட்டியும் ஜாமும் எடுத்துவந்து கொடுத்தார். தின்றுகொண்டே போட்டாள். அட்டையில் ஜாம் ஈஷியது. டாக்டர் அதைப் பார்க்கவில்லை, மேலே எழும்பி நின்ற பின்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது மெல்ல மெல்லத் தாழ்ந்தது. தோளைத் தொட ஒரு விரல் அகலம் இருக்கும்போது, அதற்குக் கீழே இறங்காமல் நின்றுகொண்டது.

கடைசிப் பக்கம் முடிந்தது. வாலு பென்சிலை வைத்துவிட்டு விரலை நக்கினாள். மடிப்புக்குள் அந்த முகம் இருந்தது. மூக்கும் வாயும் லேசாக மங்கியிருந்தன. மறையவில்லை. டாக்டர் பக்கங்களைப் புரட்டினார். முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரைக்கும் இடது காதில் மட்டும்தான் பஞ்சு இருந்தது. வலது காது ஒவ்வொன்றும் திறந்தே கிடந்தது.

"இன்னொரு காது, கண்ணு?" என்று கேட்டார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

வாலு யோசித்தாள். அவர் கன்னத்தில் ஒட்டியிருந்த ஈரத்தை, ஜாம் பட்ட அதே கையால், துடைத்துவிட்டாள். பிரியமாகத்தான் துடைத்தாள்.

"அது இருக்கட்டும்பா" என்றாள். "எதுக்கும் இருக்கட்டும்."